முக்கால் இஞ்ச்: ஏற்காடு ஏறும் சைக்கிள் ஷார்ட்ஸ், 14 மாதத்துக்குப் பிறகு

"அக்கா, நீங்க போடற அந்தக் கறுப்பு ஷார்ட்ஸ் விலை இறங்கியிருக்கு. 2,799 இருந்தது, இப்ப 1,699. வாங்கிரட்டுமா?" சேலத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் போன வாரம் கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. அதே ஷார்ட்ஸைத் திருப்பூரில் பிரித்துத் தைத்து வாங்கிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதன் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கேட்டவளுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். துணி அருமை. 14 மாதத்தில் நாற்பது தடவைக்கு மேல் ஏற்காடு ஏறியிருக்கிறேன், வார நாட்களில் கன்னங்குறிச்சி, மூக்கனேரி பக்கம் காலைச் சுற்று தனி. கறுப்பு வெளுக்கவில்லை, இடுப்புப் பட்டி தளரவில்லை, குனிந்தால் பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தெரிவதில்லை. கடைசியாகச் சொன்னது பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்னொரு பெண்ணுக்குத்தான் தெரியும். முதலில் வாங்கிய ஒன்று ஆறே மாதத்தில் அப்படி ஆகி, மேலே சுடிதார் டாப் போடாமல் தெருவில் இறங்க முடியாத நிலைக்கு வந்தது. இதில் அந்தப் பயம் இல்லை. தொடையில் பிடிக்கும் பட்டி மட்டும் சித்திரை வெயிலில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான்.

பிரச்சினை மெத்தையில். உள்ளே வைத்துத் தைத்திருக்கும் பேடைத்தான் சொல்கிறேன்.

ஓமலூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் போய் வந்தாலும் ஒன்றும் தெரியாது. மலை ஏறும்போதுதான் தெரியும். அஸ்தம்பட்டியில் ஐந்து மணிக்குக் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்டில் தண்ணீர் குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால், ஏழாவது கொண்டை ஊசி வளைவு வரும்போது வலது பக்கம் எரிச்சல் தொடங்கிவிடும். பன்னிரண்டாவது வளைவில் இரண்டு பக்கமும். மொத்தம் இருபது வளைவு. கடைசி எட்டு வளைவையும் பாதி நின்றுகொண்டே மிதித்து ஏறிய நாட்கள் நிறைய உண்டு. மேலே ஏரிக்கரை டீக்கடையில் மற்றவர்கள் மூடுபனியை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றே குடிப்பேன்.

சீட் மேல் சந்தேகம் வந்தது. 3,200 ரூபாய் கொடுத்து வேறு சீட் மாற்றினேன். சீட்டின் முன்நுனியை ஒரு பாகை இறக்கிப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். எரிச்சல் ஏழாவது வளைவிலிருந்து எட்டாவது வளைவுக்குப் போனது, அவ்வளவுதான்.

உட்காரும்போது ஊன்றும் எலும்பு இரண்டு இருக்கிறதே, அதன் அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, குட்டையான மர ஸ்டூலில் போட்டு, குதிகாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் அழுத்தி உட்கார வேண்டும். அட்டையில் இரண்டு பள்ளம் விழும். பள்ளத்தின் நடுவிலிருந்து நடு வரை எனக்கு 138 மில்லிமீட்டர். பொதுவாகவே பெண்களுக்கு இந்த அகலம் ஆண்களைவிடக் கூடுதல். புதுச் சீட் அதற்குப் போதுமானதாகத்தான் இருந்தது. அப்படியானால் கோளாறு சீட்டில் இல்லை.

கண்டுபிடித்தது பச்சரிசி மாவு. ஒரு ஞாயிறு, சின்ன டப்பாவில் மாவு எடுத்துப் போய், அடிவாரத்தில் சீட் மேல் மெல்லிசாகத் தூவிவிட்டு இரண்டு வளைவு ஏறினேன். இறங்கிப் பார்த்தால் கறுப்புத் துணியில் எலும்பு ஊன்றிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம் பளிச்சென்று பதிந்திருக்கிறது. உள்ளே விரலை விட்டு மெத்தையின் தடிமன் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்தேன். வட்டம் இரண்டும் தடித்த நுரைக்குப் பின்னால், மெலிந்த ஓரத்தில் விழுந்திருந்தன. அதாவது கம்பெனி அத்தனை நல்ல நுரையை வைத்து, எனக்கு முக்கால் இஞ்ச் முன்னாலேயே வைத்துவிட்டது.

யோசித்தால் காரணம் புரிகிறது. சமதளத்தில் வேகமாகப் போகிறவர் குனிந்துகொண்டு போவார், எடை முன்பக்கம் வரும். ஏற்காடு ரோட்டில் என் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, சீட்டின் பின்பாதியில்தான் உட்கார்ந்திருப்பேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. இரண்டே கால் மணி நேரம் எழுந்திருக்காமல் அந்த ஓரத்தின் மேலேயே உட்கார்ந்தால் தோல் என்ன ஆகும்? பெண்களுக்கான ஷார்ட்ஸ் என்று அட்டையில் பெரிதாகப் போட்டு 2,799 ரூபாய் வாங்குகிறவர்கள், மலை ஏறும் ஒரே ஒரு பெண்ணையாவது உட்காரவைத்துப் பார்த்தார்களா? அளவு அட்டவணையில் இடுப்புச் சுற்றளவு மட்டும் போட்டிருக்கிறது. இடுப்பு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்குமாம்.

பதினான்காம் மாதம் மெத்தையின் முன்ஓரத்தில் தையல் விட்டுப்போனது. போன் செய்தேன். "ஆறு மாசம்தான் மேடம் வாரண்டி" என்றார்கள். சரி, அது விதி, அதில் குறை சொல்ல மாட்டேன். மெத்தையின் இடத்தைப் பற்றிச் சொன்னேன். "நீங்க ஒரு சைஸ் பெருசா ட்ரை பண்ணுங்க மேடம்" என்றார்கள். பெரிய சைஸ் எடுத்தால் துணி சுருக்கம் விழுந்து மடிந்து தொடையில் இன்னும் உரசும். இது சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். விற்கிறவர்களுக்குத் தெரியாதா? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அப்போதுதான்.

சேலத்தில் இரண்டு தையல்காரரிடம் காட்டினேன். "இந்தத் துணிக்கு நம்ம மிஷின் ஆகாதுங்க, நூல் அறுந்துரும்" என்று உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்களுக்கு நன்றி. பிறகு திருப்பூரில் பெரியம்மா மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது பையில் போட்டு எடுத்துப் போனேன். அக்கா வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் ஓவர்லாக், ப்ளாட்லாக் தையல் மிஷின்கள் ஓட்டியவர். அவரிடம் இதைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. துவைத்து மடித்துத்தான் கொண்டுபோனேன், இருந்தாலும் கூச்சம்தான். அவர் வாங்கி, உட்புறத்தை வெளியே திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தொடைத் தையலெல்லாம் நாலு ஊசி மிஷின்ல போட்டது அம்மிணி. நம்மகிட்ட மூணு ஊசிதான். ஆனா மெத்தையச் சுத்தி ஜிக்ஜாக்தான் ஓடுது, அதப் பிரிச்சுக் கட்டலாம்."

"மாமா, பிரிக்கறதுதான் பிரிக்கறீங்க, முக்கால் இஞ்ச் பின்னால தள்ளி வெக்க முடியுமா?"

மாவுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைக் காட்டி, இதன் மேல் உட்கார்ந்தால் எங்கே ஊன்றும் என்று அக்காவைவிட்டுச் சாக்பீஸில் குறிக்கச் சொன்னார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "இது நிக்க வெச்சு அளவெடுத்த துணி அம்மிணி. உக்கார வெச்சு அளவெடுக்கோணும்." 14 மாதமாக எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை, சைக்கிளில் டவுனுக்குக்கூடப் போகாத மனிதர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே தைத்துவிட்டார். துணி இழுபடும் அளவுக்கு நூலும் இழுபட வேண்டுமாம், முனை உருண்ட ஊசி போட வேண்டுமாம், கூர் ஊசி போட்டால் துணியில் இழுபடும் லைக்ரா இழை அறுந்து ஓட்டை விழுமாம். பணம் வாங்கவில்லை. மேலே தையல் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த ஞாயிறு ஏழாவது வளைவுப் பலகையைப் பார்த்ததும் உடம்பு தானாகவே இறுகியது, பழக்கம். ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு, பதினைந்து, இருபது. ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கேட்ட பெண்ணுக்கு இன்னும் சில விஷயம் சொல்ல வேண்டும், இதையெல்லாம் எந்தக் கடையிலும் யாரும் சொல்வதில்லை. உள்ளே உள்ளாடை போடக் கூடாது. மெத்தை தோலோடு ஒட்டி இருப்பதற்காகத்தான் இருக்கிறது, நடுவில் ஈரப் பருத்தியும் அதன் தையலும் வந்தால் புண்தான். முதல் நான்கு மாதம் நான் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன், சொல்ல ஆளில்லை. ஏறி முடித்ததும் ஈர மெத்தையோடு உட்கார்ந்திருக்கவும் கூடாது. மலைமேல் காற்று சேலத்தைவிட எட்டு டிகிரியாவது குறைவாக இருக்கும், சில்லென்று பிடிக்கும், கொப்புளமும் அதில்தான் வருகிறது. நான் பையில் ஒரு பாவாடை வைத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் நம் பாட்டிகள் செய்த மாதிரி அதைக் கட்டிக்கொண்டு உள்ளேயே மாற்றிவிடலாம், கதவு சரியாகச் சாத்தாத கழிப்பறையை நம்ப வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் மெத்தை காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கிறது. கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில். வாசனை திரவம் எதுவும் ஊற்றக் கூடாது. மொட்டை மாடி வெயிலில் போடாமல், உட்புறம் வெளியே தெரிய நிழலில் காயவைக்க வேண்டும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதே. அங்கே இருக்கிற ஏதாவது சைக்கிளில் ஏறி, மலை ஏறுகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பார். ஏறவிட மாட்டோம் என்றால் வாங்காமல் வந்துவிடு.

இந்த ஷார்ட்ஸா? வேண்டாம். 1,699 இல்லை, 999 என்றாலும் வேண்டாம். ஓமலூர் ரோட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் வாங்கலாம், துணி அத்தனை நன்றாக இருக்கிறது. ஆனால் நீ அடுத்த மாதம் ஏற்காடு ஏற வேண்டும் என்கிறாய். பொருந்தாத இடத்தில் மெத்தை வைத்து விற்று, கேட்டால் பெரிய சைஸ் போடச் சொல்கிறவர்களுக்கு நீயும் பணம் கொடுக்க வேண்டாம்.

எனக்கு மட்டும் அதே அளவில் இன்னொன்று நேற்று ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் போட்டுப் பார்க்கக்கூட மாட்டேன், நேராகத் திருப்பூர்தான். மாமாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அன்று சாக்பீஸில் குறித்த அளவை அக்கா ஒரு காகிதத்தில் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.