நாலு வருஷ டென்ட், மூன்றாவது ரன்னர்

"நீ வச்சிருக்க டென்ட் விலை இறங்கியிருக்கு மாப்ள, வாங்கட்டுமா?" என்று தென்காசி மச்சான் நேற்று போனில் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அதே டென்டின் வாசல் ஜிப்பைச் சரிசெய்துவிட்டு அப்போதுதான் அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறியிருந்தேன்.

செங்கோட்டை ரயிலில் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி, மணிமுத்தாறு பக்கம் நண்பனின் தோப்பில் இரண்டு மூன்று நாள் கிடப்பது என் வழக்கம். காட்டுக்குள் டென்ட் அடிக்க முடியாது. 1988-லிருந்து அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. மாஞ்சோலைப் பக்கம் மேகம் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே ஒரு பகல் போய்விடும். தென்னைக்குக் கீழே மட்டும் அடிக்காதீர்கள், காய் விழும். நான் அடிப்பது மாமரத்தடியில்.

துணியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆடிக் காற்றில் முளை நன்றாக இறங்கியிருந்தால் டென்ட் அசையாது. ஐப்பசி மழை விடிய விடியக் கொட்டியும் உள்ளே ஒரு சொட்டு இல்லை. தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டுத் தூங்கிய தூக்கம் வீட்டில் வந்ததில்லை.

ஆனால் அந்த ஜிப்! பல்லைக் கோத்து மூட நாம் இழுக்கிற துண்டு இருக்கிறதே, அந்த ரன்னருக்குள் தோப்பு மண் ஏறி உள்பக்கத்தை அரித்துவிடுகிறது. ரன்னர் முன்னே ஓடும், பின்னாலேயே பல் பிரிந்து வாசல் பிளக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குறடால் ரன்னரின் இரு பக்கமும் லேசாக நெரித்தால் மறுபடி பிடிக்கும். மூன்றாம் தடவை நெரித்தபோது உடைந்தே போனது. அதற்குள் கொசு மொத்தமும் உள்ளே.

விற்றவர்கள் கதவையே மாற்ற வேண்டும் என்று பாதி விலை கேட்டார்கள். பை தைக்கிற அண்ணாச்சி பல்லின் மேல் நகத்தை ஒரு ஓட்டு ஓட்டினார். "ஜிப்பு நல்லாத்தான்யா இருக்கு, ரன்னர்தான் தேஞ்சிட்டு." பத்து நிமிஷத்தில் வேறு ரன்னர் மாட்டி, மெழுகுவத்தியைத் தேய்த்துக் கொடுத்தார். இது மூன்றாவது. இவ்வளவு நல்ல துணி போட்டவர்களுக்கு ஒரு உருப்படியான ரன்னர் போட மனசு வரவில்லையே என்பதுதான் ஆத்திரம்.

மச்சானிடம் "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை தோப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேர் படுக்க என் டென்ட் தாராளம்.