பில்லில் 0.50, பிஸ்டனில் ஒன்றுமே இல்லை: எஞ்சின் வேலைக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

டாடா ஏஸோ வேறு பழைய டீசல் வண்டியோ வைத்துக்கொண்டு, புகை அடிக்கிறது, எஞ்சின் வேலை பார்க்கணும் என்று யோசிக்கிறவர்கள் வண்டியை விடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு 42,500 ரூபாய் போய்விட்டது, அதற்கு மேல் இரண்டாவது தடவை எஞ்சினை இறக்கிய செலவு தனி. கடை திண்டுக்கல் பைபாஸ் பக்கம். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

வண்டி பழைய மாடல் குட்டியானை, ரெண்டு சிலிண்டர், 702 சிசி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் வரைக்கும் போகிற லோடு, பாதி ஓட்டம் மலையில்தான். கொஞ்ச நாளாகவே காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை, ஆயில் ஊற்றி ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. இதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், பிஸ்டனுக்கு மேலே எரிகிற கேஸ், பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரை ஒட்டி அடைத்திருக்கிற ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கிற இடத்துக்கே இறங்கிவிடுவது. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓவில் வாங்குகிற சான்று, வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் காட்டணும், இந்தப் புகையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆக, எஞ்சின் வேலை தேவைப்பட்டது உண்மைதான், அதில் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பொய் எல்லாம் அதற்கப்புறம்தான்.

“ஃபுல் எஞ்சின் பண்ணிருவோம்ணே. போர் போட்டு, புது பிஸ்டன் போட்டு, கிராங்க் கிரைண்டிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து. அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்க வேணாம்” என்றார். சரி என்று விட்டேன். நடுவில் போய்ப் பார்க்கலாமா என்று போன் செய்தால் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடல்) லேத்துக்குப் போயிருக்கு என்பார், இன்னொரு நாள் லேத்தில் கரண்ட் இல்லை என்பார், நேரில் போனால் அவர் இருக்க மாட்டார், ஒரு பையன் மட்டும் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பான். திடீரென்று ஒரு நாள் சாயங்காலம் “ரெடிண்ணே, வந்து எடுத்துக்கங்க”.

போய்ப் பார்த்தால் எஞ்சின் முழுக்க சில்வர் பெயிண்ட், ஷோரூமிலிருந்து வந்தது போல மினுமினுப்பு. ஸ்டார்ட் செய்தார், புகை இல்லை, சத்தமும் அடங்கியிருந்தது. பழைய பிஸ்டன், பேரிங் எல்லாம் எங்கே என்று கேட்டேன். “காயலான் கடைக்குப் போட்டாச்சுண்ணே, அந்தக் காசைக் கூலில கழிச்சுட்டேன்” என்றார். பில் கேட்டதற்கு மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. ஆனால் எழுதியது தெளிவாக எழுதியிருந்தார்: போரிங் 0.50, பிஸ்டன் ரிங் செட் 0.50 இரண்டு, கிராங்க் கிரைண்டிங் 0.25, மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் 0.25. கீழே கையெழுத்து. அவர் கையாலேயே எழுதிக் கொடுத்த அந்தத் தாள்தான் இன்றைக்கு அவருக்கு எதிரான ஆதாரம்.

இந்த எண்கள் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் திருட்டு புரியும். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் கம்பெனியிலிருந்து வரும்போது 75 மில்லிமீட்டர். ஓடி ஓடி அது ஒரே சீராகத் தேயாது, மேல்பக்கம் அதிகமாகத் தேயும், ஏனென்றால் சூடும் அழுத்தமும் அங்கேதான், ஆயிலும் அங்கே குறைவு. வட்டமும் கோணிக்கொள்ளும். அதை லேத்தில் கொடுத்து 75.50க்குப் பெரிதாக்கி, சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து ஹோனிங் செய்து, அதே அளவு பெரிய பிஸ்டன் போடுவதுதான் 0.50 போர். கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற தண்டு, அதற்கு நேர்மாறு, தேய்ந்த இடத்தைக் கடைந்து 0.25 சிறிதாக்கி, அந்த அளவுக்குத் தடிமனான பேரிங் போடுவார்கள். பிஸ்டன் தலையிலும் பேரிங் முதுகிலும் அந்த எண் குத்தியிருக்கும்.

எஃப்சி முடிந்தது. அப்புறம் மெதுவாகப் பழைய கதை ஆரம்பித்தது, முதலில் ஆயில், பிறகு புகை, பிறகு மலையில் இழுவை இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் “ரிங் செட் ஆகணும்ணே, ஓட்டுங்க ஓட்டுங்க” என்பதே பதில். கடைசியில் வத்தலக்குண்டில் ஒரு பெரியவர், லாரி எஞ்சின் வேலை பார்த்துப் பார்த்து நரைத்தவர், அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் பானெட், சீட் எதையும் தூக்கவில்லை. “சாவியைத் திருப்பு தம்பி, ஸ்டார்ட் பண்ணாத” என்றார். பேட்டரி லைட் எரிந்தது. “ஆயில் லைட் எங்க?” எரியவே இல்லை. சாவி போட்டதும் அது எரியணும், எஞ்சின் ஓடி ஆயில் பிரஷர் ஏறியபிறகு அணையணும். ஓடும்போது எரியவில்லையே என்று நாம் நிம்மதியாக இருப்போம், சாவி போடும்போதே எரியாத லைட்டுக்கு என்ன மதிப்பு? அவர் கீழே குனிந்து கையை விட்டுத் துழாவி ஒரு ஒயரை இழுத்துக் காட்டினார். ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து பிடுங்கி, நுனியை மடக்கி, மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் புதுசு. அதை மறுபடி மாட்டி, எஞ்சினைச் சூடேற விட்டு, ஐட்லிங்கில் பார்த்தால் ஆயில் லைட் மினுக் மினுக்கென்று எரிகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் அங்கே நிற்காமல் வழிந்துவிடும், சூட்டில் இளகியதும் பிரஷர் விழும். அது தெரியக்கூடாது என்றுதான் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள். காசு திருடுவது ஒரு பக்கம், மலையில் லோடோடு போகிற வண்டியில் எச்சரிக்கை லைட்டை அணைத்துவிட்டு அனுப்புவது வேறு ரகம், எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இந்த ஒன்றில்தான்.

ஆயிலை இறக்கியபோது பாகு மாதிரி வந்தது. பெரியவர் விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு “தொண்ணூறு கலந்திருக்கான்” என்றார், கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற ஆயில். கெட்டியான ஆயில் இருந்தால் கொஞ்ச நாளைக்குப் புகையும் சத்தமும் அடங்கியிருக்கும், டெலிவரி எடுத்த அன்றைக்குப் புகை ஏன் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் கரியைத் துணியால் துடைத்தோம், எந்த எண்ணும் இல்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த கீறல்தான் வட்ட வட்டமாக இருந்தது. பழைய பிஸ்டனையே சுரண்டிக் கழுவிப் போட்டிருக்கிறார்கள். சிலிண்டர் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே என் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலே இழுக்கச் சொன்னார், டக்கென்று ஒரு படியில் தட்டியது. ரிங் போய் வருகிற இடம் தேய்ந்து, அது எட்டாத மேல்பகுதி தேயாமல் நின்றால் உண்டாகிற படி அது. போர் போட்ட சிலிண்டரில் அந்தப் படி இருக்கவே முடியாது. ஹோனிங் செய்தால் குறுக்கும் நெடுக்குமாகச் சன்னமான கோடுகள் தெரியும், இங்கே சுவர் கண்ணாடியாகப் பளபளத்தது.

ரிங் மட்டும் புதுசு, நியாயமாகச் சொல்லணும். ஆனால் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் போட்டு என்ன பிரயோஜனம்? ரிங்கைத் தனியாக எடுத்து சிலிண்டருக்குள் வைத்து, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுக் காட்டினார், 1 மில்லிமீட்டர் பிளேடு தாராளமாகப் போனது. அந்த சைஸுக்கு இருக்கவேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குதான். சிலிண்டர் விட்டம் 0.1 தேய்ந்தால் சுற்றளவில் 0.3க்கு மேல் கூடும், அது அப்படியே ரிங் வாயில் தெரியும். அந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்ரஷன் கீழே போகிறது.

பேரிங்கைக் கழற்றியதும் சந்தேகமே மிச்சமில்லை. முதுகில் எஸ்டிடி என்று குத்தியிருந்தது, அதாவது ஸ்டாண்டர்ட், கம்பெனி அளவு. உள்பக்கம் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. கிராங்கை 0.25 கடைந்திருந்து இந்தப் பேரிங்கைப் போட்டிருந்தால் கடை வாசலைத் தாண்டுவதற்குள் எஞ்சின் டொக் டொக்கென்று அடிக்க ஆரம்பித்திருக்கும். கடையவே இல்லை.

எந்த லேத் என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார், அங்கேயும் போனேன். அந்த லேத்துக்காரர் வருகிற பிளாக்கை எல்லாம் எஞ்சின் நம்பரோடு நோட்டில் எழுதி வைக்கிறவர். புரட்டிப் பார்த்துவிட்டு “இந்த நம்பர் இங்க வரவே இல்லண்ணே” என்றார்.

இன்னொன்று, இது மோசடியில் சேராது, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. எஞ்சின் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று முதல் கடையில் யாரும் பார்க்கவில்லை. பெரியவர் ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தார், அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு, உள்ளே செம்மண். ஃபில்டரைத் தாண்டி நேராகப் புழுதி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது எஞ்சின். அந்த ஹோஸை மாற்றாமல் நிஜமாகவே 0.50 போர் போட்டிருந்தாலும் திரும்பவும் இதே கதிதான்.

இரண்டாவது வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் முதலில் பிளாக்கைக் கழுவி, சிலிண்டர் விட்டம் அளக்கிற போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே என்று அளந்து என்னிடமே எழுதச் சொன்னார். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத்துக்குக் கொடுத்தார், பிஸ்டனை அளந்துதான் போர் போடணும், பிஸ்டன் கையில் இல்லாமல் போர் போடுகிறவரிடம் பிளாக்கைக் கொடுக்காதே என்பது அவர் கட்சி. பில் லேத்திலிருந்து நேராக என் பெயருக்கு வந்தது, சாமான் பில்லும் அப்படியே. ஹெட்டை மூடுவதற்கு முன் கூப்பிட்டு, பிஸ்டன் தலையில் இருந்த 0.50ஐக் காட்டினார், போட்டோ எடுத்துக்கொண்டேன். ஹெட் போல்ட்டை, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முடுக்குகிற டார்க் ரென்ச் வைத்துத்தான் முடுக்கினார், முதல் கடையில் அப்படி ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. பழைய சாமான் மொத்தமும் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

வண்டி விடும்போது நீங்கள் கேட்க வேண்டியதும் இவ்வளவுதான்: மூடுவதற்கு முன் கூப்பிடணும், லேத் பில் தனியாக வேணும், பழைய சாமான் திரும்ப வேணும். இதற்கு முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எஞ்சின் நம்பரையும் விடுவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்து ஆர்சியோடு ஒத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிளாக்கையே மாற்றிவிட்டால் எஃப்சியில் மாட்டுவது நீங்கள்தான். அப்புறம், கறுப்புப் புகைக்கு எடுத்த எடுப்பில் எஞ்சின் இறக்கச் சொன்னால் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் டீசலும் காற்றும் சேருவதில் உள்ள கோளாறு, ஏர் ஃபில்டரையும், டீசலைத் தெளிக்கிற நாசிலையும் பார்த்தபிறகு பேசலாம். நீலப்புகைதான் ஆயில் எரிவது.

கடைக்காரரிடம் பிஸ்டனைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் “நீங்க வேற எங்கயோ மாத்திட்டீங்க” என்றார், லேத் நோட்டைப் பற்றிச் சொன்னதும் எட்டாயிரம் தருகிறேன், பிரச்சனை வேண்டாம் என்று இறங்கினார். வாங்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சனை எழுந்து 2 வருஷத்துக்குள் போடணும். லோடு வண்டி வியாபாரம், உனக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்தமாக ஓட்டி அதிலேயே பிழைக்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, உங்கள் வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கம் ஜிஎஸ்டி இல்லாத எஸ்டிமேட் தாளில் “0.50 போர்” என்று எழுதி வாங்கியவர்கள் இருந்தால், முதலில் சாவியைப் போட்டு ஆயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள், தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள். ஒரே கையெழுத்து இரண்டு மூன்று தாளில் இருந்தால் ஆணையத்தில் சேர்ந்தே கொடுத்துவிடலாம்.