நார்வே ஃபியோர்டுகள்: சொகுசுக் கப்பலா, கரையோரக் கப்பலா?

சொகுசுக் கப்பலில் பால்கனிக் கதவைத் திறந்தால் போதும், கெய்ராங்கர் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல்நீர்ப் பகுதி) செங்குத்துப் பாறைகளும் ஏழு சகோதரிகள் அருவியும் கண்முன்னே மெல்ல நகரும். ஸ்பா, வெந்நீர்க் குளம், வேளைக்கொரு உணவகம் என்று எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் கரையிலுள்ள கெய்ராங்கர் என்ற சின்னக் கிராமத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கினால் ஊரே திணறிப்போகிறது.

1893-இல் தொடங்கிய ஹுர்டிகுருட்டன் கரையோரக் கப்பல் வேறு ரகம். பெர்கனிலிருந்து வடகிழக்குக் கோடி கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். நள்ளிரவிலும் ஏதாவது ஒரு சிற்றூரில் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் சரக்கை இறக்கும், அடுத்த ஊருக்குப் போகிற உள்ளூர்க்காரர் பையோடு ஏறுவார். நார்வே மக்களின் அன்றாடத்தை அந்தத் தளத்தில் நின்றே பார்த்துவிடலாம். கேளிக்கை குறைவு, அறையும் சிறியது. பல நிறுத்தங்கள் கால்மணி, அரைமணிதான். ஊர் சுற்ற நேரமிருக்காது.

வயதான பெற்றோரோடு ஓய்வுக்காகப் போகிறீர்களா, சரி, முதலாவதே நல்லது. மற்றபடி என் ஓட்டு கரையோரக் கப்பலுக்குத்தான். குளிர்காலத்திலும் ஓடுகிறது, வடதுருவ ஒளி தெரிந்தால் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அப்புறம், தூக்கம் லேசானவர்கள் முன்பக்கக் கீழ்த்தள அறையை எடுக்காதீர்கள்: துறைமுகத்தில் கப்பலைத் திருப்பும் இயந்திரம் அங்கேதான் அதிரும்.