மகன் போகும் தெரபி சென்டர்: சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு

தெரிந்த ஒருவரின் மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகியிருக்கிறது. "நீங்க போற சென்டர் எப்படி, சேர்க்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

தெரபிஸ்ட்டுகள் முறையாகப் படித்தவர்கள், பொறுமைசாலிகள். முன்பெல்லாம் என் மகன் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜ் வரை இழுத்துக்கொண்டு போவான். இப்போது டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டுகிறான். அது அவர்கள் உழைப்பு.

ஆனால் அந்தக் கதவு! பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு 45 நிமிடம் சாத்திவிடுகிறார்கள். அம்மா உள்ளே இருந்தால் கவனம் சிதறுமாம். சில பிள்ளைகளுக்குச் சரி, எல்லோருக்கும் எப்போதுமா? வெளியே வந்ததும், "இன்னைக்கு நல்லா உட்கார்ந்தான்மா." அவ்வளவுதான். வீட்டில் என்ன செய்யட்டும் என்று கேட்பதற்குள் அடுத்த பிள்ளையின் முறை வந்துவிடும். அந்த அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கொடுத்தவன் வீட்டில் கொடுக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, அதே மாதிரி ஒன்று செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய பிறகுதான் வீட்டிலும் பழகினான். மீதி நேரமெல்லாம் பிள்ளை எங்களோடுதானே இருக்கிறான், எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாமா? டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பு பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்தே பயிற்சி தருகிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ப்பவர்களுக்கென்றே பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது.

நான் எதிர்பார்க்காத நல்லது, கதவுக்கு வெளியே இருந்த வராண்டா. அங்கே காத்திருக்கும் அம்மாக்களிடம் கற்றது கொஞ்சமல்ல. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஆட்டிசத்தின் அளவைப் பார்க்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி மதிப்பீடு இருக்கிறது, அதற்குப் போகும்போது பிள்ளை வீட்டில் நடந்துகொள்வதை எழுதி எடுத்துப் போ என்றார் ஒரு அக்கா. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான நிரமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில், சேரும்போது மருத்துவப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சைச் செலவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. 18 வயது தாண்டிய மகனை வைத்திருக்கும் ஒரு அம்மா, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்டு வாங்கியதை விவரமாகச் சொன்னார். பையன் சாப்பாட்டைத் தள்ளிவிட்ட நாளில் எனக்குப் பேச முடிந்ததும் இவர்களிடம்தான். சொந்தக்காரர்களிடம் பேசினால், "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்பார்கள்.

இந்த மாதம் கட்டணத்தை வேறு ஏற்றிவிட்டார்கள். கதவு மட்டும் அப்படியே இருக்கிறது.

சேர்க்கலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பெற்றோரை உள்ளே உட்கார விடும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காமல் இங்கேதான் வர வேண்டியிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே வாரம் ஒரு செஷனாவது கூட இருப்பேன் என்று கண்டிப்பாகப் பேசிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது.