"கண் பழகிடும்" என்று சொல்லி மைக்ரோஸ்கோப் விற்கிறார்கள், கவனம்

கொழும்பில் போன் ரிப்பேர், கைக்கடிகாரம், நகைக்குக் கல் பதிக்கும் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வாங்க நினைத்திருந்தால், இதை வாசித்துவிட்டுப் புறக்கோட்டைச் சந்தைக்குப் போங்கள்.

வெள்ளவத்தையில் எங்களுக்குச் சின்ன ரிப்பேர் கடை. போனின் உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட் வேலை பழகும் பொடியனுக்கென்று, கருவிகள் விற்கும் ஒரு கடையில் 7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் எடுத்தோம். கமரா பூட்ட மூன்றாவது குழாயும் இருந்தது. விலை 70,000 ரூபாவுக்கு மேல். கடையில் பார்த்தபோது படம் பளிச்சென்று இருந்தது, போர்ட்டில் இருக்கிற ஐசி சிப்பின் கால்கள் எல்லாம் எழும்பி நின்றன.

வேலை தொடங்கினால் அரை மணித்தியாலத்துக்குள் பொடியனுக்கு நெற்றிப்பொட்டில் வலி. பின்னேரமானால் சத்தி வருவது போல இருக்கிறது என்றான். கடைக்குப் போன் எடுத்தேன். "அண்ணன், புது ஆக்களுக்கு அப்படித்தான், கொஞ்ச நாள்ல கண் பழகிடும்" என்றார்கள். திரும்ப எடுத்தபோது, பொடியனின் கண்ணில்தான் கோளாறு, டொக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை. இந்தத் தொழிலே தனக்குச் சரிவராதோ என்று வீட்டில் அழுதிருக்கிறான். காசு போனதைவிட எனக்கு ஆறாத கோபம் இதில்தான். கண் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. பக்கத்துக் கடை அண்ணையின் பழைய மைக்ரோஸ்கோப்பில் அவனை இருத்தினோம். ஒரு முழுப் போர்ட்டையும் வலியில்லாமல் முடித்தான்.

பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையில் சராசரியாக 63 மில்லிமீற்றர் தூரம். அதனால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்கிறது, மூளை அந்த இரண்டு படங்களையும் ஒன்றாக்கி ஆழத்தை அறிகிறது. 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு படத்தைக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியைக் கொண்டு இதைக் காட்டினார். 1890களில் ஹொரேஷியோ கிரீனோ என்ற அமெரிக்கர் சொன்ன யோசனைப்படி, ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் இரண்டு தனித்தனிக் குழாய்களை ஒன்றுக்கொன்று சாய்வாக வைத்து மைக்ரோஸ்கோப் செய்தது. எங்கள் மேசைகளில் இருக்கிற பல கருவிகள் அந்த வழி வந்தவைதான்.

இரண்டு குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒளியைத் திருப்புகிற கண்ணாடிக் கட்டியான பிரிசம் கொஞ்சம் அசைந்தாலே அது கெட்டுவிடும். கிட்ட வைத்து வாசிக்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பிப் பழகியவை, ஆகவே அந்தப் பக்கப் பிசகை ஓரளவு தாங்கும். வெளிநோக்கி விரிவது கஷ்டம். ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயும் போவது அதைவிடக் கஷ்டம். எங்களுக்குத் தந்ததில் பிழை மேல் கீழாக இருந்தது. அப்படியிருந்தும் மூளை விடாது, இரண்டு படத்தையும் இழுத்துச் சேர்க்கப் பார்க்கும், கண் தசைகள் அவ்வளவு நேரமும் அந்தப் பாரத்தைச் சுமக்கும். கடையில் இரண்டு நிமிடம் பார்ப்பவருக்கு இது தெரியாமல் போவது அதனால்தான்.

எனவே கடையிலேயே இப்படிப் பாருங்கள். ஒரு தாளில் பேனாவால் சின்னக் கூட்டல் குறி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மைக்ரோஸ்கோப்பில் தெரியும் வட்டத்தின் நடுவில் அந்தக் குறியை வையுங்கள். தாளை அசைக்காமல் மற்றக் கண்ணால் பாருங்கள். குறி அங்கேயும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்த பெருக்கத்திலும் 45 மடங்கிலும் பாருங்கள், சிலவற்றில் பெரிதாக்கும்போதுதான் ஒரு பக்கம் நழுவும். பிறகு, கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில் (கண்வில்லை) ஒன்றை அட்டையால் கொஞ்ச நேரம் மறைத்துவிட்டு எடுங்கள். குறி இரண்டாகத் தெரிந்து, மேலிருந்து கீழேயோ கீழிருந்து மேலேயோ வழுக்கிச் சேர்ந்தால் அந்தக் கருவி வேண்டாம். சிலரின் கண்களுக்கு இயல்பிலேயே சிறு விலகல் இருக்கும் என்பதால், கூடப்போன ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாங்கள் கொண்டுபோனபோது "அட்ஜஸ்ட் பண்ணித் தாறன்" என்று அங்கிருந்தவர் ஸ்க்ரூ டிரைவரால் திருகினார். முன்பைவிட மோசமாகிவிட்டது. அதற்குப் பதிலாக இன்னொன்றை நீட்டினார். அது பள்ளிக்கூட ஆய்வுகூட மைக்ரோஸ்கோப்! கண் வைக்க இரண்டு குழாய் இருக்கிறது, ஆனால் கீழே வேலை செய்வது ஒரே வில்லை. அதே படத்தைத்தான் பிரித்து இரண்டு கண்ணுக்கும் அனுப்புகிறது, ஆழம் தெரியாது. படமும் தலைகீழ். 40 மடங்கு வில்லையைப் போட்டால் பொருளுக்கும் அதற்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இராது, சோல்டரிங் அயன் எங்கே நுழையும்? "இதுவும் ரெண்டு கண்தானே" என்றார். முதலில் வாங்கியதில் இரண்டு கண்ணும் கமராவும் ஒன்றாக வேலை செய்யும் என்று சொன்னதும் பொய். கமராவுக்குப் படத்தை அனுப்பும் லீவரை இழுத்தால் ஒரு கண் இருண்டுவிடுகிறது. இரண்டு கண்ணும் கமராவும் ஒன்றாக வேலை செய்யும் வகை வேறு, வாங்குமுன் லீவரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று பில்லில் இருந்த வரியைக் காட்டினார்கள். அந்த வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977. ஒவ்வொரு கண்வில்லையிலும் போனை வைத்துக் கூட்டல் குறியைப் படம் எடுத்தோம். ஒன்றில் நடுவில் இருப்பது மற்றதில் கீழே கிடக்கிறது. அந்தப் படங்களையும் பில்லின் பிரதியையும் கண் ஆஸ்பத்திரித் துண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும் வரை கடையின் பெயரை எழுதமாட்டேன். இதே மாதிரிக் கருவி யாரிடமாவது இருந்தால், மூன்று மாதம் கடக்கும் முன் அந்தத் தாளைக் கீழே வைத்துப் பார்த்துவிடுங்கள்.