கண்டி பெரஹராவா, கிராஞ்சி அஞ்சலியா?

வேலூர்க்காரர் ஒருவர் கண்டிக்குப் போவதும் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போவதும் ஒரே மனசோடு அல்ல.

கண்டிக்குப் போகிறவர் முதலில் கண் நிறையப் பார்க்கத்தான் போகிறார். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் எசல பெரஹரா என்னும் பௌத்தத் திருவிழா ஊர்வல இரவுகளில் யானை மீது புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழை வரும், தீப்பந்தமும் மேளமும் முன்னே போகும். சரி, வேடிக்கை மட்டும்தானா? நமக்கு இன்னொரு உறவும் உண்டு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நம் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஊர்வலமே வேறு மாதிரித் தெரியும். அதில் பத்தினி தெய்வத்தின் கோயில் அணியும் வரும்; பத்தினி என்றால் நம் கண்ணகிதான்!

கிராஞ்சியில் மேளம் இல்லை. நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிறு காலையில் மௌன அஞ்சலி. இரண்டாம் உலகப் போரில் இறந்து, கல்லறைகூட இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் ஏராளம். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்து ஊர்க்காரர்கள் அங்கே ஒரு பெயரைத் தேடித்தான் போவார்கள்.

பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் கண்டியைச் சொல்வேன். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் படம் வீட்டில் தொங்கினால், யோசிக்கவே வேண்டாம், கிராஞ்சி. அப்புறம், கிளம்பும் முன்பே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவர் பெயர் எந்தத் தூணில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.