கிருஷ்ணகிரியில் கார்டு கற்க நல்ல வகுப்பு

தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வாரம் மூன்று நாள் இந்த ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மல்லுக்கட்டும் கலை) வகுப்புக்கு வருகிறேன், வீண் போகவில்லை. கார்டு என்றால் கீழே இருந்தபடி கால்களால் எதிராளியைத் தடுத்துவைக்கும் நிலை. அதைத் தாண்டினால் போட்டியில் எதிராளிக்கு 3 புள்ளி, அதனால் முதல் மாதம் முழுக்க மாஸ்டர் காப்பதையே சொல்லித்தந்தார்: முழங்கையும் முழங்காலும் பிரியக்கூடாது, எதிராளி பக்கவாட்டில் வந்தால் முன்கையை அவர் கழுத்தோரம் முட்டுக்கொடுத்து, இடுப்பைப் பின்னால் நகர்த்தி, கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழைக்கணும். அப்புறம்தான் தாக்குதல். நம் கால்களால் எதிராளியின் இடுப்பைப் பூட்டியிருக்கும்போது நாம் சட்டென்று எழுந்து இடுப்பால் மோதினால், அவர் கவிழாமலிருக்கக் கையைத் தரையில் ஊன்றுவார், அந்தக் கையில் கிமுரா, அதாவது கையை முறுக்கித் தோளைப் பூட்டும் பிடி. அவர் தலையைக் குனிந்து பதிலுக்குத் தள்ளினால் கில்லட்டின், அதாவது கழுத்தை நெரிக்கும் பிடி. இந்தக் கோர்வையை இவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. மேட் இடுக்கில் கால்விரல் மாட்டுகிறது, அதை மட்டும் சரிசெய்யணும்.